வெந்நீருக்கு ஓர் ஒத்திகை

யாராவது இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அக்கா முதலில் என்னிடம்தான் வருவார். ஆறுதல் சொல்ல வருவதில்லை, ஒத்திகை பார்க்க வருவார்.

"நீதான் செத்தவற்ற மனிசி. இருந்து அழு" என்பார்.

நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்து ஊழியர் அறையில், அரைவாசி சாப்பிட்ட இடியப்பப் பெட்டியை மூடிவைத்துவிட்டு நான் விதவையாவேன். அக்கா கதவடியில் போய் நின்று, சப்பாத்தைக் கழற்றுவதற்காகக் குனிந்து நிமிர்ந்து, மெல்ல நடந்து வந்து என் கையைப் பிடிப்பார். "என்ன செய்யிறது, எங்கட கையிலயா இருக்கு?" என்பார். உடனே கையை விட்டுவிட்டு, "சீ, இது எல்லாரும் சொல்லுறது. பொறு, திருப்பி வாறன்" என்று மறுபடியும் கதவடிக்குப் போவார். செத்தவருடைய உண்மையான மனைவியைவிட நான்தான் கூட அழுதிருக்கிறேன் என்று பகிடி பண்ணினால் அவருக்குச் சிரிப்பு வராது. "அந்தாள் இல்லாத வீட்டில போய் வாய்க்கு வந்ததைச் சொல்லேலாது பிள்ளை" என்பார்.

எதையும் அவர் முதல் தடவையாகச் செய்து நான் பார்த்ததில்லை. முதல் தடவை என்பது யாருக்கும் தெரியாமல் முன்பே முடிந்திருக்கும். குடியுரிமைச் சத்தியம் எடுப்பதற்கு முதல் நாள், அதே நேரம் அதே மெத்ரோ ரயிலில் ஏறி, அந்தக் கட்டடத்து வாசல் வரை போய், கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். "இழுக்கிற கதவோ தள்ளுற கதவோ எண்டு பாக்கவேணுமெல்லே?"

இதையெல்லாம் நான் ஒரு கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆளைப் பிடித்திருந்தது, கிறுக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் இருந்த அந்த இல்லத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மாடி, ஒரே வேலை. வயது போனவர்களை எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றிவிடுவது. அக்கா கூடப்பிறந்தவர் இல்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அக்கா. ஒருமுறை ஆளைக் கதிரையோடு தூக்கித் தண்ணீருக்குள் இறக்கும் புதிய தொட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மேற்பார்வையாளர் பித்தானை அமுக்கிக் காட்டிவிட்டுப் போனார். எல்லாருக்கும் விளங்கிவிட்டது, அக்காவுக்கு மட்டும் விளங்கவில்லை. சீருடையோடு அந்தக் கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "என்னை இறக்கு" என்றார்.

"நனைவீங்கள் அக்கா."

"இறக்கு எண்டுறன்."

இறக்கினேன். பாதி வழியில் கதிரை ஒரு தரம் குலுங்கியது. அக்கா இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மாளாச்சி!" என்று கத்தினார். நனைந்த சீருடையோடு வெளியே வந்து, "எனக்கே இப்பிடியெண்டால் அதுகளுக்கு எப்பிடியிருக்கும்? இந்த இடத்தில வரேக்க கையைப் பிடிச்சிருக்கவேணும்" என்றார். அன்றிலிருந்து கதிரை குலுங்கும் அந்த இடத்தில் எங்கள் கிழவிகளின் கையை நாங்கள் பிடித்திருந்தோம். குளிக்கக் கூப்பிட்டால் அவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இப்ப வேண்டாம், பிறகு." அக்கா அவர்களுக்கு முன்னால் குந்தியிருந்து, வேலைக்கு வந்தபின் படித்த தன் பிரெஞ்சில், "அவசரமில்லை மதாம், நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்" என்று சொல்வார். வேறெதுவும் சொல்லமாட்டார். அவர்கள் வருவார்கள்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு தை மாதம், ஊழியர் அறையில் கிடந்த பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தார். மற்றவர்களுடைய பேப்பரை மடிக்கக்கூட மாட்டாத ஆள், கண்ணுக்கு முன்னாலேயே கிழித்தார். ஜப்பான் மலை ஒன்றில் எடுத்த படம் அது. கல்லுக் கட்டிய குளம், ஆவி பறக்கும் இயற்கை வெந்நீர், அதற்குள் கழுத்தளவில் மூன்று கிழவிகள். மூவர் தலையிலும் மடித்து வைத்த வெள்ளைத் துவாய். சுற்றிவர ஆள் உயரப் பனி. மேலிருந்தும் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று பேரும் வாய் விட்டுச் சிரிக்கிறார்கள்.

"பனி கொட்டுதடி. வெளியில இருக்கினம். சிரிக்கினம்!" என்றார் அக்கா.

பதினாறு மாரிகாலமாகப் பனியை ஏசிக்கொண்டே என்னோடு பஸ்ஸுக்கு நின்றவர் அவர். குளிர் கடுமையாக இருந்த நாட்களில் அவர் கனடாவைத் திட்டும் திட்டுகளை இங்கே எழுத முடியாது. அந்தப் படத்தை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். வேலைக்கு வரும்போது ஒரு தரம், போகும்போது ஒரு தரம் திறந்து பார்த்தார். ஒரு கிழமை கழித்து, பஸ் தரிப்பில் மூக்கு விறைத்து நின்ற என்னிடம், "வாற மாசிக்கு நானும் நீயும் போறம்" என்றார். அந்தக் குளிரில் கொதிதண்ணீர் என்று யார் கூப்பிட்டாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஆட்கள் பயணம் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. போகிற ஊரில் சொந்தக்காரர் இருக்கவேண்டும். அங்கே கலியாணமோ சாமத்தியவீடோ நடக்கவேண்டும். இல்லாவிட்டால் கோயிலாவது இருக்கவேண்டும். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், எங்கே போனாலும் யாருடைய வீட்டு நிலக்கீழ் அறையிலோ படுத்து எழும்பித்தான் வருவோம். ஜான்-டலோன் தெருவில் டிக்கெட் போடும் தமிழ் அண்ணையிடம் நாங்கள் போய் ஜப்பான் என்றபோது, அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"ஆற்ற கலியாணம்?"

"ஒருத்தற்றையும் இல்லை."

"அப்ப எயர்போட்டில ஆர் வந்து ஏத்துவினம்?"

"பஸ்" என்றார் அக்கா.

அண்ணை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் ஒழுங்காகப் பார்த்தார். வெளியே வந்ததும் அக்கா தெருவில் நின்று சிரித்தார். "எங்களை ஒருத்தருக்கும் தெரியாத ஊருக்குப் போறமடி!" அந்தச் சந்தோசம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்றைக்கு இரண்டு பேரும் வில்லரே வரை நடந்தே போனோம்.

அக்காவின் கணவருக்கு மட்டும் இது பிடிபடவேயில்லை. "குளிக்கிறதுக்கு ஒரு நாடோ? வீட்டில பைப் இல்லையோ?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சுடுதண்ணிக் கிணறெண்டால் எங்கட நாட்டில கன்னியாவில இருக்கு. அதுவும் செத்தவைக்கு அந்தியேட்டி முடிச்சுப்போட்டுப் போய் முழுகிற இடம்" என்றார்.

"நான் ஒருத்தரும் சாகாமலே முழுகப்போறன்" என்றார் அக்கா.

பிறகு ஒத்திகைகள் தொடங்கின. வெந்நீர் நாற்பத்திரண்டு பாகை இருக்கும் என்று நூலகத்துப் புத்தகம் சொன்னது. இல்லத்தில் கழித்துவிட்ட தண்ணீர் வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டுத் தொட்டியை நிரப்பி, முப்பத்தெட்டில் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் காலையில் பரீட்சைப் புள்ளி சொல்வதுபோல் வந்து சொல்வார்: "நேற்று நாப்பது, ஆறு நிமிசம்." வீட்டில் இருந்த சுடுதண்ணீர் முழுவதும் அக்காவின் தொட்டிக்குள் போனதால் அவருடைய கணவர் அந்த மாரியில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துக்கொண்டு ஜப்பானைத் திட்டினார். அக்கா என்னையும் வீட்டில் செய்து பார்க்கச் சொன்னார். நான் முப்பத்தெட்டிலேயே துள்ளி வெளியே வந்துவிட்டு, "நாப்பத்தொண்டு அக்கா" என்று சொல்லிவைத்தேன். தன் வெப்பமானியை எனக்குத் தந்து சோதிக்காமல் விட்டாரே என்று உள்ளுக்குள் நன்றி சொன்னேன்.

அக்கா வேலை செய்துகொண்டே ஜப்பானிய வணக்கம் பழகினார். பதினான்காம் அறைக் கிழவர் ஒருவர், தன் பிள்ளைகளின் பெயரே மறந்துபோனவர், எங்களைக் கண்டால் "ஒஹாயோ!" என்று கத்தத் தொடங்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அக்கா தைத்தார். இரண்டு குறுக்குக்கட்டு. கிணற்றடியில் பெண்கள் நெஞ்சுக்கு மேலே குறுக்காகக் கட்டிக்கொண்டு குளிப்பார்களே, அந்தத் துணிதான். ஆனால் ஜப்பானில் வைத்து அவிழ்ந்துவிடக்கூடாது என்று மேலே இலாஸ்ரிக்கும் பக்கத்தில் ஒட்டும் பட்டியும் வைத்திருந்தார். அவருக்கு நீலம், எனக்கு மெரூன். "தலைகீழா நிண்டாலும் கழராது" என்று இழுத்துக் காட்டினார். ஊழியர் அறைக் கதவைப் பூட்டிவிட்டு இருவரும் சீருடைக்கு மேல் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

கார்த்திகையில், ஜப்பானில் நாங்கள் தங்கப்போகும் வெந்நீர்ச் சத்திரத்துக்காரர்கள் அனுப்பிய விதிமுறைத் தாள் டிக்கெட் அண்ணையிடம் வந்து சேர்ந்தது. படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அதை வாசித்தேன். சிறு முக்காலியில் இருந்து முதலில் உடம்பைத் தேய்த்துக் கழுவவேண்டும். கூந்தலை உயர்த்திக் கட்டவேண்டும். மூன்றாவது படத்தில் நீச்சலுடை, சட்டை, துவாய் எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. தண்ணீருக்குள் எந்தத் துணியும் வரக்கூடாது.

"ஒரு துணியும் எண்டால்?" என்றார் அக்கா.

"ஒரு துணியும்தான் அக்கா."

"எல்லாப் பொம்பிளையளுக்கும் முன்னாலயோ?"

"ஓம்."

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். படத்தை உற்றுப் பார்த்தார். ஆவிக்குள் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பத்து மாதமாகப் பார்த்த படம். அந்தப் பெண்கள் குறுக்குக்கட்டோடு இருப்பதாகத்தான் இருவரும் எண்ணியிருந்தோம். வேறு விதமாக எங்களுக்கு நினைக்கவே வரவில்லை. அக்கா படத்தைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இரண்டு கிழமை ஜப்பான் பற்றி ஒரு பேச்சில்லை. "ஒஹாயோ" என்று கத்தியவருக்கு "போன்ஜூர்" என்றுதான் பதில் சொன்னார். அக்காவின் முகம் வாடியிருந்தது எனக்குத் துக்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், கூடவே ஆறுதலாகவும் இருந்தது. அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்ட நேரத்திலிருந்து எனக்கும் போக மனமில்லை. அக்காவே கைவிட்டுவிட்டால் நான் பயந்தது யாருக்கும் தெரியவராது.

பிறகு ஒரு புதன்கிழமை, "வேலை முடிய என்னோட வா" என்றார்.

வில்லரேயில் ஒரு பொது நீச்சல் குளம். பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போய், நீண்ட மர வாங்கில், மாரிக்கோட்டும் தொப்பியும் சப்பாத்துமாக இருந்தோம். எங்களுக்கு முன்னால் கெபெக் பாட்டிமார் பிறந்தமேனியில் நடந்து திரிந்தார்கள். இருவர் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி நல்லதா கூடாதா என்று கதைத்தபடி தலை துவட்டினார்கள். நான் என் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது வயது இருக்கும் ஒருவர் எங்களிடம் வந்து, யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று பிரெஞ்சில் அன்பாகக் கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது.

"இல்லை மதாம். பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா தன்னைத் தானே ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லையே" என்று சொல்லி, அறை அதிரச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அடுத்த புதன் கோட்டைக் கழற்றினார். அதற்கடுத்த புதன் நீச்சலுடை. மார்கழி நடுவில் ஒருநாள், சுவரைப் பார்த்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குளிக்கும் இடத்துக்கு நடந்து போய்த் திரும்பினார். பதினெட்டு அடி தூரம் இருக்கும். தக்காளிப் பாட்டிமார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கிழமை தடிமன், ஒரு கிழமை கால் நோ, ஒரு கிழமை வேறு காரணம். மாரிக்கோட்டோடு வாங்கில் இருந்து அக்காவின் கைப்பையைக் காவல் காத்தேன்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா தன் கைப்பையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பதினாறு வருசமா எத்தனை பேரின்ர உடுப்பைக் கழட்டியிருப்பம் பிள்ளை? கதவு திறந்துகிடக்கும். நாங்கள் இரண்டு பேரும் அண்டைக்கு என்ன கறியெண்டு கதைச்சுக்கொண்டு கழட்டுவம். வெக்கமோ எண்டு ஒருநாள் கேட்டனாங்களோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை முதல் அவர் ஒவ்வொரு கிழவிக்கும் முன்னால் பெரிய துவாயை இரண்டு கையாலும் விரித்துத் திரையாகப் பிடித்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வேலை தாமதமாகிறது என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுமாரிக் கதவில் படம் மறுபடி ஏறியது. "ஒஹாயோ!" என்று கிழவரைவிடச் சத்தமாக அவரே கத்தினார்.

மாசியில் போனோம். அக்காவின் பெட்டியைத் தூக்கிய அவர் கணவர், "இதென்ன இந்தப் பாரம்?" என்றார். திறந்து பார்த்தால் பாதிக்குப் பயத்தம் பணியாரம்.

"அங்கதான் எங்களுக்கு ஒருத்தரும் இல்லையே, ஆருக்கக்கா?" என்றேன்.

"சத்திரத்து மனிசிக்கு. வெறுங்கையோட ஒரு வீட்டுக்கு எப்பிடிப் போறது?"

விமானம், ரயில், பிறகு மலைப்பாதையில் பஸ். சத்திரத்து அம்மா குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தப் பணியாரப் பெட்டியை வாங்கியபோது, அக்கா பழகி வைத்திருந்த வணக்கத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே குளிக்கப் போனோம். உடுப்பு வைக்கும் அறையில் பிரம்புக் கூடைகள். ஜப்பானியப் பெண்கள் மூவர் கழற்றி மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அக்காவும் தயங்காமல் கழற்றி மடித்து வைத்தார். நான் சத்திரத்தில் தந்த அங்கியின் இடுப்பு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதமாகச் சாக்குச் சொல்லிச் சொல்லி ஒளித்துவைத்த பயம் அந்த முடிச்சில் வந்து நின்றது.

"நீங்கள் போங்கோ அக்கா. நான் பிறகு வாறன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் கிழவிகள் ஒவ்வொரு காலையும் சொல்வது அதுதான். அவருக்குத் தெரியாததா? தன் பைக்குள் கையை விட்டு, அந்த மெரூன் குறுக்குக்கட்டை வெளியே எடுத்தார்.

"தண்ணிக்குள்ளதான் கொண்டுபோகக் கூடாது. கரை வரைக்கும் கொண்டுபோகலாம்" என்றார்.

இரண்டு கையாலும் அதை விரித்து எனக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் உடம்பில் ஒன்றும் இல்லை. மூன்று பிள்ளை பெற்ற வயிறு, தழும்பு, எல்லாம் வெளிச்சத்தில் நின்றது. வேலையில் பேசும் அதே குரலில், அதே பிரெஞ்சில் சொன்னார்: "அவசரமில்லை மதாம். நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தேன்.

முக்காலியில் இருத்தி என் முதுகுக்குத் தண்ணீர் வார்த்தார். பிறகு கதவைத் திறந்து வெளியே, குளிருக்குள், பக்கவாட்டில் அடி அடியாக எடுத்து வைத்துத் துணியைப் பிடித்தபடியே வந்தார். அவர் தோள் முழுக்கப் புல்லரித்திருந்தது. துணி ஆடவில்லை. கல்லுக்கரை வந்ததும் தண்ணீருக்குள் கால் வைத்தேன்.

"ஐயோ அக்கா, சுடுது!"

"நாப்பத்தொண்டு வரைக்கும் வந்திட்டன் எண்டாய்?"

"பொய்யக்கா."

"தெரியும். இறங்கு."

கழுத்தளவுக்கு இறங்கினேன். அக்காவும் இறங்கி, கையெட்டி அந்த மெரூன் துணியை எடுத்து, நாலாக மடித்து என் தலையில் வைத்தார். தன் வெள்ளைத் துவாயைத் தன் தலையில் வைத்தார். படத்தில் இருந்த மாதிரியே கழுத்தை நேராக்கிக்கொண்டார். அப்போது அவர் மூக்கில் ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"எடியே, பனியடி! பனி கொட்டுதடி!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். எதிரில் இருந்த ஜப்பானியப் பெண்கள் வாய் பொத்திச் சிரித்தார்கள். மொன்ட்ரியாலில் இருந்து வந்தவர் என்று சொன்னால் நம்பியிருக்கமாட்டார்கள். அந்தக் கத்தலை மட்டும் அக்கா ஒத்திகை பார்த்திருக்கவில்லை.